ஏகமனதாக

எழுமலையிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்வரும் தூரத்தில் இருக்கிறது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று அந்த ஊரில் போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி விரல் ரேகை வைக்க மாட்டோம் என்று ஊரார் மறித்ததுதான் காரணம். மதுரைச் சீமையில் அந்தச் சட்டம் 1914-இல் கீழக்குயில்குடியில் தொடங்கி, ஊர் ஊராகப் பிரமலைக் கள்ளர் மேல் ஏறிக்கொண்டே வந்தது. ரேகை வைத்தவன் ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் அதைச் சட்டப் பெயர் சொல்லிச் சொல்ல மாட்டார்கள். 'ரேகைச் சட்டம்' என்பார்கள்.

இன்றைக்கு எழுமலை பேரூராட்சி உசிலம்பட்டிச் சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கிறது. பேரையூர் தாலுகா. அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தத் தொகுதியின் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும் கட்சி ஒன்று உண்டு: அகில இந்திய ஃபார்வர்டு பிளாக். மேற்கு வங்கத்தையும் இந்தத் தென்மாவட்டங்களையும் விட்டால் இந்தியாவில் வெகு சில இடங்களில்தான் அதற்கு ஆள் இருக்கிறது. சின்னக் கட்சி. சிங்கம் சின்னம். ரேகைச் சட்டத்தை எதிர்த்தவர்களின் கட்சி என்ற பழைய பாக்கிக்காகவே இங்கே தலைமுறை தலைமுறையாக அதற்கு ஓட்டு விழுந்தது.

அந்தக் கட்சி தன் தலைவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தது என்பது தனிக் கதை. அது பிறந்ததே ஒரு தலைவர் தேர்தல் தகராறில்தான்.

1939 ஜனவரி 29. காங்கிரஸ் தலைவர் பதவிக்கு ஓட்டெடுப்பு. அதுவரை பெரும்பாலும் தலைவர்கள் பேசி முடித்து, மாகாணங்கள் தலையாட்டி, ஒருமனதாக முடிந்துவந்த காரியம் அது. அந்த வருடம் சுபாஷ் சந்திர போஸ் இரண்டாம் முறையும் நிற்பேன் என்றார். காந்தி கைகாட்டியதாகக் கருதப்பட்ட அபுல் கலாம் ஆசாத் ஒதுங்கிக்கொள்ள, பட்டாபி சீதாராமையா நின்றார். மாகாணம் மாகாணமாகப் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். போஸுக்கு 1,580. பட்டாபிக்கு 1,377. 203 ஓட்டு வித்தியாசம். தமிழ்நாட்டுப் பிரதிநிதிகளிலும் போஸ் பக்கமே கூட்டம் கூடுதல். பட்டாபியின் தோல்வி தன் தோல்வி என்று காந்தி அறிக்கை விட்டார்.

மார்ச்சில் ஜபல்பூர் பக்கத்துத் திரிபுரியில் மாநாடு. அது 52-ஆவது மாநாடு என்பதால் 52 யானை பூட்டி ஊர்வலம். ஆனால் தலைவர் கடுங்காய்ச்சலில் கிடந்ததால் அவருடைய படத்தைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். போஸ் ஸ்ட்ரெச்சரில் பந்தலுக்கு வந்தார். அங்கே கோவிந்த வல்லப பந்த் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: காந்தியின் விருப்பப்படியே தலைவர் தன் காரியக் கமிட்டியை அமைக்க வேண்டும். தீர்மானம் நிறைவேறியது. ஆக, ஓட்டு வாங்கி ஜெயித்தவருக்குக் கமிட்டி போடும் சாவி கொடுக்கப்படவில்லை. ஏப்ரல் 29-இல் ராஜினாமா. மே 3-இல் ஃபார்வர்டு பிளாக் அறிவிப்பு. ஜூன் கடைசியில் பம்பாயில் கூடி அதற்கு விதிமுறை வகுத்தார்கள். தலைவர் போஸ், துணைத்தலைவர் பஞ்சாபின் சர்தார் சர்துல் சிங் கவீஷர்.

காங்கிரசுக்குள்ளேயே முற்போக்கு அணியாக இருப்பதுதான் போஸின் எண்ணம். அதற்கும் இடம் இல்லாமல் போயிற்று. ஆகஸ்டில் அவரை மூன்று வருடத்துக்குப் பதவி வகிக்கத் தகுதியற்றவர் என்று காங்கிரஸ் தள்ளிவைத்தது. இந்தக் கட்சியின் எண்பத்தைந்து வருடக் கதையைப் படிப்பவர்களுக்குத் திரிபுரியில் நடந்தது ஒரு முன்னோட்டம் மாதிரித் தெரியும். தேர்தலில் தோற்ற பக்கம் அடங்கிப் போகாது. ஜெயித்த பக்கம் ஆளவும் முடியாது. கடைசியில் ஒரு பக்கம் எழுந்து வெளியே போய்ப் புதுப் பலகை மாட்டும்.

1939 செப்டம்பர் 3 மாலை சென்னைக் கடற்கரையில் பேசிக்கொண்டிருந்த போஸின் கையில் யாரோ ஒரு மாலைப் பத்திரிகையைத் திணித்தார்கள். பிரிட்டன் ஜெர்மனி மேல் போர் தொடுத்துவிட்டது. அடுத்த சில நாளில் அவர் மதுரைக்கு வந்தார். அழைத்துவந்தவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர்; அப்போது அவருக்கு 31 வயதுகூட நிறையவில்லை. 1937 தேர்தலில் ராமநாதபுரம் ராஜாவையே காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்கடித்தவர். 1934-இல் அபிராமத்தில் மாநாடு கூட்டி, குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு எதிராகக் குரல் எழுப்பியவர். போஸுக்காகத் திரிபுரியில் ஆள் சேர்த்தவரும் அவர்தான்.

கட்சி அலுவலகம், உறுப்பினர் சீட்டு, விதிப் புத்தகம் என்று வங்காளத்தில் வளர்ந்த கட்சி தெற்கே வந்தபோது அதன் வேர் பிடித்த மண் வேறு. பிரமலைக் கள்ளர் நாட்டில் தலைமை என்ற சங்கதிக்குப் பழைய இலக்கணம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. எட்டு நாடு, இருபத்து நான்கு உபகிராமம் என்பது கணக்கு. திருமலை நாயக்கர் காலத்தில் பட்டம் பெற்றதாகச் சொல்லும் உரப்பனூர்ப் பின்னத்தேவர் வம்சம் அதற்கு உச்சி. 1949-50-இல் உசிலம்பட்டிப் பக்கம் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1957-இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் கை தூக்கி எண்ணுகிற வழக்கம் கிடையாது. பேசுவார்கள். ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். எதிர்ப்பு உள்ளவன் தன் எதிர்ப்பைச் சொல்லித் தீர்த்துக்கொள்ளும்வரை பொறுத்திருப்பார்கள். யாரும் எழுந்து போகாமல் இருந்தால் முடிவு வந்துவிட்டது என்று பொருள். எழுந்து போய்விட்டால் ஊர் இரண்டாகிவிட்டது. கோயில் மரியாதையும் இரண்டாகும்.

ஃபார்வர்டு பிளாக் காகிதத்தில் இடதுசாரி முறையில் நடக்கும் கட்சி. கிளை மாநாடு, அதன் மேல் ஒன்றியம், மாவட்டம், மாநிலம், கடைசியில் அகில இந்திய மாநாடு. கீழ்க் கமிட்டியிலிருந்து தேர்வாகும் பிரதிநிதிகள் மேல் மாநாட்டுக்குப் போவார்கள். அகில இந்திய மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதிலிருந்து தலைவரும் பொதுச் செயலாளரும் வருவார்கள். எழுத்தில் இதைவிடச் சுத்தமான ஏற்பாடு கிடையாது.

கிளை அளவில் அது எப்படி இருக்கும் என்பதை எந்தச் சின்னக் கட்சியின் கூட்டத்திலும் பார்க்கலாம். டீக்கடைக்குப் பின்புறமோ, கட்சிக்காரர் ஒருவரின் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய திண்ணையிலோ பத்துப் பதினைந்து பேர். ஒரு நாற்பது பக்க நோட்டு, அதுதான் மினிட்ஸ். மேலிடத்திலிருந்து பார்வையாளர் ஒருவர் மஃப்ளரோடு வந்திருப்பார். உறுப்பினர் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை அவர் புரட்டிப் பார்ப்பார். செயலாளர் பெயரை ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். "வேற யாரும் நிக்கிறீகளா?" என்று பார்வையாளர் கேட்பார். அந்தக் கேள்விக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு நொடிதான். யாராவது தொண்டையைச் செருமினால்கூட எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு கைதட்டல். நோட்டில் 'ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்று ஏறிவிடும். யார் வரவேண்டும் என்பது முந்தின ராத்திரியே பேசி முடிந்திருக்கும். ஒருத்தருக்குச் செயலாளர், அவருக்கு எதிராக முணுமுணுத்தவருக்குத் துணைச் செயலாளர், கோபித்துக்கொண்டு வராமல் இருந்தவருக்குப் பொருளாளர்.

இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. ஒரே தெருவில் இருக்கிறவர்கள், சம்பந்தம் பண்ணிக்கொண்டவர்கள், ஒரே கண்மாயில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் 8-க்கு 7 என்று ஓட்டு எண்ணிவிட்டு மறுநாள் முகத்தில் விழிப்பது லேசான காரியமில்லை. ஆனால் இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. பேச்சில் படியாதவனுக்கு அதற்குள் இடம் கிடையாது. ஓட்டு எண்ணுகிற கட்சியில் தோற்றவன் சிறுபான்மையாக உள்ளேயே இருந்து அடுத்த மாநாட்டுக்குக் காத்திருக்கலாம். ஏகமனதாக நடக்கிற கட்சியில் மறுத்தவன் வெளியேதான் போக வேண்டும். ஃபார்வர்டு பிளாக்கின் பிளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நோட்டில் ஏறாத உட்கட்சித் தேர்தல் முடிவுகளைத்தான் பார்க்கிறோம்.

முதல் பெரிய பிளவு 1948. போஸ் இல்லை. நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது. இனி என்ன செய்வது என்பதில் சண்டை. நாக்பூர்த் தொழிற்சங்கக்காரர் ஆர்.எஸ்.ருய்கர் தலைமையில் சுபாஷிஸ்ட் அணி; பம்பாயின் கே.என்.ஜோக்லேகர் பக்கம் மார்க்சிஸ்ட் அணி. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் இரண்டும் தனித்தனிச் சின்னத்தில் நின்றன. மார்க்சிஸ்ட் அணிக்குச் சிங்கம். ருய்கர் அணிக்குக் கிடைத்தது மனிதக் கை. ஆமாம், பின்னாளில் இந்திரா காந்தியின் காங்கிரஸ் எடுத்துக்கொண்ட அதே கைதான். ருய்கர் அணி தேர்தலுக்குப் பிறகு பிரஜா சோஷலிஸ்ட் பக்கம் கரைந்துபோயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. தேசியமும் தெய்வீகமும் தன் இரு கண்கள் என்று சொன்ன, நெற்றி நிறைய விபூதி பூசிய தேவர் நின்றது மார்க்சிஸ்ட் என்று பெயர் ஒட்டிய அணியில். அரிவாள் சுத்தியல் பொறித்த செங்கொடியோடு. அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் ஒருசேர ஜெயித்தார். அதே தேர்தலில் பெரியகுளத்தில் ஜெயித்த இளைஞர் ஒருவர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டியில் 1923-இல் பிறந்தவர்: பி.கே.மூக்கையா தேவர்.

1955-இல் அடுத்த சோதனை. ஆவடி மாநாட்டில் காங்கிரஸ் 'சோஷலிச பாணி' என்று பேசத் தொடங்கியதும், இனி நமக்குத் தனிக் கடை எதற்கு என்று ஐ.என்.ஏ. தளபதி மோகன் சிங்கும் பீகாரின் ஷீல் பத்ர யாஜியும் காங்கிரசில் சேரக் கிளம்பினார்கள். அந்த மே மாதம் நாக்பூரில் கூடிய மத்தியக் குழு இணைப்பை ஏற்கவில்லை. வங்காளத்தின் ஹேமந்த குமார் போஸ் தலைவரானார். முத்துராமலிங்கத் தேவர் துணைத்தலைவர். சாகும்வரை அந்தப் பதவி அவரிடமே இருந்தது.

அகில இந்தியப் பதவியைப் பற்றி இந்தப் பக்கத்துச் சனங்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்குத் தேவர் தலைவர். யார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்பதே அதிகப்பிரசங்கம். 1947-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆள் யார் என்பது தெரிந்த பிறகு விதிமுறை எதற்கு? இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு சாதியின் பேரன்பில் வளர்ந்த தலைமை மற்றச் சாதியாரின் அச்சத்தையும் கூடவே வளர்த்தது. 1957 செப்டம்பரில் தலித் தலைவர் தியாகி இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த முதுகுளத்தூர்க் கலவரமும், கீழத்தூவல் துப்பாக்கிச்சூடும் கட்சியின் வரலாற்றில் இன்றும் ஆறாத பக்கங்கள். இதையொட்டிக் கைதான தேவர் 1959 ஜனவரியில் அந்தக் கொலை வழக்கிலிருந்து விடுதலையானார்.

1963 அக்டோபர் 30, அவருடைய பிறந்தநாள் அன்றே, தேவர் இறந்தார். வாரிசு இல்லை, அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தமிழ்நாட்டுக் கட்சி முதல்முறையாகத் தலைவரைத் தேட வேண்டி வந்தது அப்போதுதான். இரண்டு பேர். தேவர் ராஜினாமா செய்த முதுகுளத்தூர்த் தொகுதியில் 1957 இடைத்தேர்தலில் ஜெயித்தவர் டி.எல்.சசிவர்ணத் தேவர், அவர் ராமநாதபுரத்துக்காரர். மற்றவர் உசிலம்பட்டியைக் கைக்குள் வைத்திருந்த மூக்கையா தேவர். முக்குலத்தோர் என்று மேடையில் ஒன்றாகச் சொன்னாலும், மறவர் சீமையா கள்ளர் நாடா என்ற பழைய வாய்க்கால் வரப்பு உள்ளுக்குள் இருக்கத்தானே செய்யும். மூக்கையா வென்றார். சசிவர்ணம் வெளியேறி 'சுபாஷிஸ்ட் ஃபார்வர்டு பிளாக்' என்று தனியாகப் பலகை மாட்டினார். திரிபுரி திரும்ப வந்தது, சிறிய அளவில்.

மூக்கையா தேவர் வேறு வார்ப்பு. மேடையைவிடக் கமிட்டி அவருக்கு லாயக்கு. 1957 தொடங்கி 1977 வரை நடந்த ஐந்து சட்டமன்றப் பொதுத்தேர்தல்களிலும் உசிலம்பட்டியில் அவரே ஜெயித்தார். உசிலம்பட்டி, கமுதி, மேலநீலிதநல்லூர் ஆகிய மூன்று இடங்களில் தேவர் பேரில் கல்லூரி வர அலைந்தார். ரேகைச் சட்டத்தில் பள்ளிக்கூடம் பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகள் டிகிரி முடித்தது அதற்குப் பிறகுதான். எழுமலையிலிருந்து பஸ் ஏறி உசிலம்பட்டிக் கல்லூரிக்குப் போன முதல் தலைமுறையும் அதில் சேர்த்தி.

1971 பிப்ரவரி 20 அன்று கல்கத்தாவின் ஷியாம்புகூர்த் தெருவில், தேர்தலுக்கு நின்றிருந்த கட்சித் தலைவர் ஹேமந்த குமார் போஸைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். காலியான அகில இந்தியத் தலைவர் நாற்காலிக்குப் பாப்பாபட்டிக்காரர் மூக்கையா தேவர் போனார். இதில் ஒரு கணக்கு உண்டு. 1971 மக்களவைத் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். ஒன்று நாக்பூரில் ஜாம்புவந்தராவ் தோட்டே. மற்றது ராமநாதபுரத்தில் மூக்கையா தேவர். கட்சியின் கோட்டை என்று பேர் பெற்ற வங்காளத்திலிருந்து ஒருவரும் இல்லை. ஆள்பலம் வங்காளத்தில் இருந்தாலும் அன்றைக்குப் பாராளுமன்றத்தில் பேச ஆள் தெற்கே இருந்தார். 1974-இல் கச்சத்தீவை விட்டுக்கொடுத்ததை எதிர்த்து மக்களவையில் எழுந்த குரல்களில் அவருடையதும் ஒன்று.

1979 செப்டம்பர் 6 அன்று அவரும் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு நடந்ததை விரித்துச் சொன்னால் படிப்பவர்களுக்குத் தலை சுற்றும். 1980-இல் உசிலம்பட்டியில் எஸ்.ஆண்டித்தேவர் சிங்கம் சின்னத்தில் ஜெயித்தார். 1989-இல் உசிலம்பட்டியை தி.மு.க. எடுத்தது, ஜெயித்தவர் பி.என்.வல்லரசு. அதே வல்லரசு 1996-இல் ஃபார்வர்டு பிளாக் வேட்பாளராக, தி.மு.க. கூட்டணியில் ஜெயித்தார். 2001-இல் சந்தானம், இந்தமுறை அ.தி.மு.க. கூட்டணியில். 2011-இல் பி.வி.கதிரவன், மறுபடியும் அ.தி.மு.க. கூட்டணி. ஒரே ஒரு தொகுதிதான் கிடைக்கும் என்றால், அந்த ஒரு தொகுதியில் யார் நிற்பது என்பதே கட்சியின் உண்மையான தலைவர் தேர்தல் ஆகிவிடுகிறது. அந்தத் தேர்தலில் கிளைக்கு ஓட்டில்லை, ஒன்றியத்துக்கும் இல்லை. சென்னையில் கூட்டணித் தலைவர் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார் என்பதுதான் கேள்வி. சீட்டு வாங்கி வருகிறவர் தலைவர். வாங்க முடியாதவர் ஒரு 'பசும்பொன்' முன்னொட்டோடோ 'தென்னிந்திய' முன்னொட்டோடோ புதுக் கட்சி தொடங்குவார். அக்டோபர் 30 குருபூஜைக்குப் பசும்பொன்னில் வரிசையாக நிற்கும் வண்டிகளின் பேனரைப் படித்தால் அவ்வளவையும் எண்ணிவிடலாம். எல்லாவற்றிலும் ஒரே தேவர், ஒரே நேதாஜி. கீழே உள்ள பாஸ்போர்ட் சைஸ் முகம் மட்டும் மாறும்.

உச்சம் 2006. தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் நடிகர் கார்த்திக் கட்சிக்குள் வந்தார். வந்த வேகத்தில் மாநிலப் பொதுச் செயலாளர். முப்பது வருடம் ரசீது கிழித்தவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். கூட்டம் கூடியது, ஓட்டு கூடவில்லை. மேலிடத்தோடு மனத்தாங்கல் முற்றி அவர் வெளியேறி, 2009-இல் நாடாளும் மக்கள் கட்சி தொடங்கினார்.

அதே 2006 அக்டோபரில், மூக்கையா தேவர் பிறந்த பாப்பாபட்டியில் வேறொரு தேர்தல் நடந்தது. பத்து வருடமாக நடக்க முடியாத தேர்தல். 1996-இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. மனு போட ஆளை வரவிடவில்லை; வந்து ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். மறுபடி அறிவிப்பு, மறுபடி ராஜினாமா. 'ஊர்க் கட்டுப்பாடு' என்ற ஏகமனதின் கோர முகம் அது. அப்போதைய மதுரை ஆட்சியர் த.உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசியபின் அந்த அக்டோபரில் முறையாக ஓட்டு விழுந்தது. தேர்வானவர்கள் நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் சென்னையில் முதல்வர் கருணாநிதி அவர்களுக்குச் சமத்துவப் பெருவிழா எடுத்தார். சுதந்திரத்துக்கு முன்பே 1,580-க்கு 1,377 என்று எண்ணிப் பார்த்த அரசியலின் வாரிசுகள் வாழ்ந்த ஊரில், ஒரு ஊராட்சித் தலைவருக்கான ஓட்டை எண்ண இத்தனை காலம் ஆயிற்று.

சட்டம் இதிலெல்லாம் எங்கே நிற்கிறது? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29ஏ பிரிவு சேர்ந்தது 1989-இல். கட்சி பதிவு செய்ய வேண்டும், அரசியல் சாசனத்துக்கு விசுவாசமாக இருப்பதாக எழுதித்தர வேண்டும். உட்கட்சித் தேர்தல் ஒழுங்காக நடக்கும் என்று விதியில் இருக்க வேண்டும் என்பதைத் தேர்தல் ஆணையம் கேட்கிறது; ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது நடத்தச் சொல்கிறது. நடத்தாவிட்டால்? பதிவை ரத்து செய்ய ஆணையத்துக்குப் பொதுவான அதிகாரம் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது. கட்சிகள் 'நடந்தது' என்று ஒரு கடிதம் அனுப்பும். ஆணையம் கோப்பில் சேர்க்கும். ஜெர்மனியில் கதை வேறு. கட்சியின் உள்ளமைப்பு ஜனநாயகமாக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். ஹிட்லரின் கட்சியைப் பார்த்த சூடு. 1967-இன் கட்சிகள் சட்டம் நிர்வாகக் குழுவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது, அதுவும் ரகசிய ஓட்டில், தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

நம் பெரிய கட்சிகளும் இதில் யோக்கியம் பேச முடியாது. பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வுக்கு எழுதிவைத்த விதி கேட்க அழகாக இருக்கும். 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி அந்தப் பதவிக்குப் போட்டியின்றித் தேர்வானார். 2022 அக்டோபரில் தி.மு.க. தலைவர் தேர்தலும் போட்டியின்றித்தான்.

சின்னக் கட்சி ஓட்டுப் பெட்டியைத் திறந்தால் எப்படி இருக்கும் என்பதை 2025 ஏப்ரலில் மதுரையே பார்த்தது. தமுக்கத்தில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் 24-ஆவது அகில இந்திய மாநாடு. அங்கேயும் வழக்கம், பழைய கமிட்டி புதுக் கமிட்டிக்கு ஒரு பட்டியல் வைப்பதும், பிரதிநிதிகள் ஏற்பதும்தான். கடைசி நாளில் மகாராஷ்டிரத்தின் டி.எல்.கராத் எழுந்து, தானும் மத்தியக் குழுவுக்கு நிற்கிறேன் என்றார். பெட்டி வைத்தார்கள், சீட்டு அச்சடித்தார்கள், எண்ணினார்கள். அவருக்கு விழுந்தது 31 ஓட்டு. தோற்றார். மறுநாள் அவர் 'கராத் மார்க்சிஸ்ட் கட்சி' எதுவும் தொடங்கவில்லை. தன் தொழிற்சங்க வேலைக்கே திரும்பினார்.

ஃபார்வர்டு பிளாக்கும் தன் மாநாடுகளை நடத்திக்கொண்டுதான் வருகிறது. 2022 ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் கூடிய தேசியக் குழு, கொடியிலிருந்து அரிவாள் சுத்தியலை எடுத்துவிட்டுப் பாயும் புலியை மட்டும் வைப்பதென்று முடிவெடுத்தது. அதைக் கண்டித்துச் சில தலைவர்கள் முறுக்கிக்கொண்டார்கள்; கட்சி வழக்கப்படி அங்கேயும் பிளவுப் பேச்சு எழுந்தது. 2023 பிப்ரவரியில் ஹைதராபாத் மாநாடு. இருபத்தைந்து வருடம் பொதுச் செயலாளராக இருந்த தேபப்ரத பிஸ்வாஸ் விலக, கேரளத்தின் ஜி.தேவராஜன் அந்த இடத்துக்கு வந்தார். வங்காளத்தின் நரேன் சட்டர்ஜி தலைவர்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் கொடி மாற்றம் பெரிய சண்டைக்கு வழிவிடவில்லை. இங்கே அந்தக் கொடியில் சனங்கள் பார்த்துப் பழகியது எப்போதும் புலியைத்தான். அரிவாள் சுத்தியல் துணிக்கடையில் கொடி தைக்கிறவருக்கு இருந்த ஒரு வேலை, அது குறைந்தது. கம்பங்களுக்கே இப்போது ஆபத்து வந்திருக்கிறது. பொது இடங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. எந்தக் கட்சிக் கம்பம் முதலில் போவது என்று பேசி முடிக்க, டீக்கடைக்குப் பின்னால் மறுபடியும் கூட்டம் போட்டாக வேண்டும்.